வெந்நீரும் வெள்ளைக் கல்லும் இருந்தால் அடியில் எரிமலையா? டிராவர்டைன் குறித்த தொடர் குறிப்புகள்

ஜூன் 3, 2025 – மன்னார்குடிப் பக்கத்து வாசகரின் கேள்வி

குறுவைக்காக எங்கள் ஊரில் ஆழமாக இறக்கிய போர்வெல்லில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. குழாய் வாயில் வெள்ளையாகக் கல் போல ஏடு கட்டுகிறது. துருக்கி நாட்டின் வெந்நீரூற்றுகளில் மலையே வெள்ளையாகப் படிந்திருக்கும் படத்தைக் கைப்பேசியில் காட்டிய ஒருவர், வெந்நீரும் வெள்ளைக் கல்லும் சேர்ந்து வந்தால் அடியில் எரிமலை உறங்குகிறது என்று சொல்லி வருகிறார். பெண்கள் அந்தத் தண்ணீரை எடுக்கவே அஞ்சுகிறார்கள். இதில் உண்மை உண்டா, ஐயா?

ஜூன் 3, இரவு

இல்லை. அந்த வீட்டுப் பெண்களிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

நம் வண்டலுக்குக் கீழே மணற்கல்லும் களிக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் பல இடங்களில் சில கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கின்றன. அவற்றுக்கும் கீழே இருப்பது, திருச்சி மலைக்கோட்டையில் தலை காட்டுகிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த மிகப் பழைய படிகப் பாறை. இந்தியாவும் அண்டார்ட்டிகாவும் பிரியத் தொடங்கிய காலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நிலம் இழுபட்டுத் தாழ்ந்ததால் உண்டான பள்ளமே காவிரிப் படுகை. அதில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை எதுவும் இல்லை. இந்தியாவில் இப்போது செயல்படும் ஒரே எரிமலை அந்தமானை அடுத்த பாரன் (Barren) தீவில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து அது சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

வெதுவெதுப்புக்குக் காரணம் ஆழம். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 பாகை (செல்சியஸ்) வரை வெப்பம் கூடும். நம் பகுதியில் மேல்மண்ணின் சராசரி வெப்பமே 28 பாகைக்குக் குறையாது என்பதால், 300 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் 36, 37 பாகையில் வந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைக் கல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் தனியாக எழுதுகிறேன். துருக்கிப் படத்தைக் காட்டியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்; இரண்டு வெள்ளைக்கும் உறவு இருக்கிறது என்று அவர் கண்டது சரியே, எரிமலை என்று முடித்ததுதான் தவறு.

ஜூன் 5

குழாய் வாயில் ஏடு எப்படிக் கட்டுகிறது என்பதை ஒருவர் நிதானமாகக் கவனித்துவிட்டால், உலகின் டிராவர்டைன் மலைகள், அதாவது ஊற்றுநீரிலிருந்து சுண்ணாம்பு படிந்து உண்டான கல்மலைகள், அனைத்தும் அவருக்குப் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் வழியில் கிடைக்கும் சுண்ணாம்பை, அது பாறையானாலும் கிளிஞ்சலானாலும் சுக்கான்கல்லானாலும், பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துச் செல்கிறது. ஆழத்தில் அழுத்தம் இருக்கும் வரை வாயு நீரை விட்டு வெளியேற முடியாது. வாயு போகாத வரை சுண்ணாம்பும் கரைசலிலேயே நிற்கும். மோட்டார் தண்ணீரை மேலே தள்ளிக் குழாய் வாயில் விட்ட கணத்தில் அழுத்தம் விட்டுப் போகிறது, வாயு காற்றோடு கலக்கிறது, தாங்கிப் பிடிக்க வாயு இல்லாத சுண்ணாம்பு கல்லாகப் படிகிறது. சோடா போத்தலைத் திறந்ததும் பொங்குகிறதே, அதே வாயுதான் இங்கே ஓசையில்லாமல் போகிறது.

எங்கள் தோட்டத்துப் பம்புசெட்டின் டெலிவரிக் குழாயிலிருந்து கைப்பிடி அளவு ஏட்டைப் பெயர்த்து வைத்திருக்கிறேன். குழாயை ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பாகவும், நீர் ஓடிய பக்கம் மணி மணியாகவும் இருக்கிறது. உடைத்த ஓரத்தில் வெள்ளையும் துருவின் பழுப்பும் மாறி மாறி மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. சில கோடுகள் தாளை விட மெலிந்தவை. ஓர் இடத்தில் மட்டும் பழுப்பு தடித்திருக்கிறது. மோட்டார் நீண்ட நாள் ஓடாமல் குழாய் காய்ந்து கிடந்த காலமாக அது இருக்கலாம் என்று கருதுகிறேன். படிவு மிகுந்திருப்பது நீர் குழாயை விட்டுத் தொட்டியில் விழும் விளிம்பில்தான். கையை உள்ளே விட்டுத் தடவினால் ஒரு முழத்துக்கு அப்பால் குழாய் ஏறத்தாழ வெறுமையாக இருக்கிறது. வாயு பிரியும் இடமே கல் பிறக்கும் இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜூன் 6

சுண்ணாம்புதானா என்று வீட்டில் எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏட்டைப் பொடித்து அதில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறும் போதும். கழிப்பறை கழுவும் அமிலத்தைத் தொட வேண்டாம்.

ஜூன் 9

இப்போது உண்மையிலேயே எரிமலை இருக்கும் இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது யெல்லோஸ்டோன் பூங்காவின் வடபகுதியில் உள்ள மாமத் வெந்நீரூற்றுகளைப் பார்த்தேன். அந்தப் பூங்காவே ஒரு மாபெரும் எரிமலை. கடைசிப் பெருவெடிப்பு சுமார் 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. கடைசியாகப் பாறைக்குழம்பு வழிந்து சுமார் 70,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அங்குள்ள புகழ்பெற்ற பீச்சூற்றுகள் எதிலும் டிராவர்டைன் இல்லை. அவற்றைச் சுற்றிப் படிவது சிலிக்கா, அதாவது மணலில் உள்ள பொருள். ஒரே பூங்காவில் ஏன் இந்த வேறுபாடு என்பதுதான் இந்த விவாதத்தின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன்.

விடை நீர் கடந்து வந்த பாறையில் இருக்கிறது. பீச்சூற்றுகளின் நீர் சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறையின் ஊடே, மிகுந்த வெப்பத்தில் வருகிறது. மாமத்தின் நீரோ சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையின் ஊடே வருகிறது. எரிமலை அங்கே வெப்பத்தையும் கரியமில வாயுவின் ஒரு பங்கையும் தருகிறது. கல்லைத் தருவது பழைய கடல். ஆகவே மாமத்தின் வெள்ளைப் படிக்கட்டுகளை எரிமலையின் படைப்பு என்று மட்டும் சொன்னால் பாதி வரலாறு விட்டுப்போகும். நாளொன்றுக்கு 2 டன் வரை சுண்ணாம்பு அங்கே படிவதாக மதிப்பிடுகிறார்கள்.

மரப்பாலத்தில் நின்று நான் நெடுநேரம் பார்த்தது ஒரு சிறு குளத்தின் விளிம்பை. ஊற்றுக் கண்ணில் சுமார் 73 பாகையில் வெளிவரும் நீர், வழிந்து இறங்கும்போது படிப்படியாக ஆறுகிறது. சூடு மிகுந்த இடத்தில் கார்பனேட் ஊசி ஊசியாக அரகோனைட் என்ற வடிவிலும், ஆறிய இடத்தில் கால்சைட்டாகவும் படிகிறது. விளிம்பைத் தாண்டும் நீர் விரல் நகத்தின் கனம்கூட இல்லாத படலமாக மெலிகிறது. மெலிந்த நீரிலிருந்து வாயு விரைவாகப் பிரிகிறது. அதனால் சுண்ணாம்பு விளிம்பிலேயே கூடுதலாகப் படிந்து விளிம்பு உயர்கிறது. உயர்ந்த விளிம்பு இன்னும் நீரைத் தேக்குகிறது. எங்காவது ஓரம் தாழ்ந்தால் நீர் அங்கே பாய்ந்து, பாய்ந்த இடத்திலேயே படிந்து, தாழ்வைத் தானே சரி செய்துவிடுகிறது. அதனால்தான் அந்த விளிம்புகள் நீர்மட்டம் வைத்துக் கட்டியது போல எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வளைந்து செல்கின்றன. வரப்பு கட்டுவதற்கு ஆள் தேவைப்படாத வயல் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. நீர் ஓடும் இடத்தில் தெரியும் மஞ்சளும் ஆரஞ்சும் பழுப்பும் கல்லின் நிறங்கள் அல்ல; அந்தந்த வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களின் நிறங்கள். நீர் வேறு பக்கம் திரும்பிவிட்ட படிக்கட்டு முதலில் சுத்த வெள்ளையாகவும், பிறகு சாம்பல் நிறமாகவும் ஆகி உதிர்கிறது. சென்ற தலைமுறையினர் ஒளிப்படம் எடுத்த அதே படிக்கட்டு இன்று வறண்டிருக்கலாம்; வறண்டது மீண்டும் ஓடலாம்.

ஜூன் 10

நியூசிலாந்தின் இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுகளும் டிராவர்டைன்தானே என்று பட்டுக்கோட்டை நண்பர் எழுதியிருக்கிறார். அல்ல. அவை சிலிக்காப் படிவுகள். 1886ஆம் ஆண்டு இதே ஜூன் 10ஆம் நாள் தாராவேரா எரிமலை வெடித்தபோது அவை அழிந்தன அல்லது புதைந்தன.

படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் சிலிக்கா வினிகருக்கு நுரைக்காது. அதைவிட முக்கியமான வேறுபாடு, அவை சொல்லும் சேதியில் இருக்கிறது. போதிய சிலிக்கா கரைந்து மேலே வந்து படிய வேண்டுமென்றால், அடியில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 175 பாகைக்கு மேல் இருந்திருக்க வேண்டும். டிராவர்டைனுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. குளிர்ந்த ஓடையிலும் அது படியும். புவிவெப்ப மின்சாரம் தேடுகிறவர்கள் சிலிக்காவைக் கண்டால் மகிழ்வதும், டிராவர்டைனைக் கண்டால் நிதானிப்பதும் இதனால்தான்.

ஜூன் 13

மேட்டூர் நேற்றுத் திறந்துவிட்டது. இங்கே தண்ணீர் வந்து சேர இன்னும் சில நாள் ஆகும் என்பதால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

ஜூன் 9 குறிப்பைப் படித்த ஒருவர், எரிமலை உயிரோடு இருந்தால் படிவு வளரும், அடங்கினால் நின்றுவிடும் என்று புரிந்துகொண்டிருக்கிறார். அவ்வளவு நேரான கணக்காக இருந்தால் டிராவர்டைன் அடுக்குகளை எண்ணியே எரிமலையின் வரலாற்றை எழுதிவிடலாம். ரோம் நகருக்குக் கிழக்கே டிவோலிச் சமவெளியில் நடந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

அங்கே சுமார் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில், சில இடங்களில் 80 மீட்டருக்கும் கூடுதலான தடிமனில் டிராவர்டைன் படிந்திருக்கிறது. கொலோசியத்தின் புறச்சுவர்க் கற்களும், வத்திக்கானில் சிற்பி பெர்னினி எழுப்பிய தூண் வரிசையின் கற்களும் அங்கிருந்து வந்தவையே. தெற்கே கோலி அல்பானி என்ற எரிமலை இருக்கிறது. அதன் கடைசி வெடிப்பு சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. டிவோலிப் படிவு சுமார் 1,15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வளர்ந்திருக்கிறது. யுரேனியம் காலப்போக்கில் தோரியமாக மாறும் அளவைக் கொண்டு இந்த வயதைக் கணக்கிடுகிறார்கள்: படியும் நீரில் யுரேனியம் கரைந்து வரும், தோரியம் ஏறக்குறைய வராது, ஆகவே கல்லுக்குள் பிற்பாடு சேர்ந்த தோரியம் கல்லின் வயதைக் காட்டிக்கொடுக்கிறது.

எரிமலையின் காலமும் படிவின் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது உண்மை. ஆனால் படிவு இடைவிடாமல் வளரவில்லை. நடுநடுவே அரிக்கப்பட்ட பரப்புகள் இருக்கின்றன. அந்தக் காலங்களில் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, ஊற்றுகள் வற்றி, பழைய கல்லை மழை தின்றிருக்கிறது. குளிர்ந்த வறண்ட காலத்தில் நீர்மட்டம் இறங்குவதும், ஈரக் காலத்தில் ஏறுவதும், பூமி அசையும்போது பிளவுகள் திறந்து மூடுவதும் அந்த அடுக்குகளில் பதிவாகியிருக்கின்றன. வெப்பம், வாயு, சுண்ணாம்பு, பிளவு, நீர்மட்டம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் இத்தகைய வெந்நீர்ப் படிவு. ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும். ஓர் அடுக்கு முடிந்த இடத்தைக் கண்டவுடன் எரிமலை அடங்கிவிட்டது என்று எழுதுவது அவசரமாகும். அது மழை பொய்த்த காலமாகவும் இருக்கலாம். நிலத்தடி நீர் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நமக்கு வெளியாள் வந்து விளக்க வேண்டியதில்லை.

அசைவு பற்றி ஒரு சான்று: 1959 ஆகஸ்டில் யெல்லோஸ்டோனுக்கு அருகே ஹெப்கன் ஏரிப் பகுதியில் 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பூங்காவின் பல ஊற்றுகளும் பீச்சூற்றுகளும் ஒரே இரவில் நடத்தை மாறின. பாறைக்குழம்பில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. நீர் வரும் வழி மாறியது போதுமானதாக இருந்தது.

ஜூன் 14

திருகோணமலையில் உறவினர் உள்ள நாகை வாசகர், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்ய நிலத்தைக் குத்தி வரவழைத்த நீர் என்று நம்பப்படும் ஏழு கிணறுகள் அவை. இலங்கையில் எரிமலை இல்லை. கன்னியாவின் நீர் பழைய படிகப் பாறையின் பிளவுகள் வழியே ஆழமாக இறங்கிச் சூடேறித் திரும்பும் மழைநீர். வெந்நீர் அங்கே உண்டு, வெள்ளைப் படிக்கட்டு இல்லை. எரிமலை இல்லாமலும் வெந்நீர் வரும், வெந்நீர் வந்தாலும் டிராவர்டைன் வர வேண்டியதில்லை என்னும் இரண்டையும் ஒரே இடத்தில் காட்டுவதால், தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 18

படத்தில் இருந்த துருக்கி ஊற்று பாமுக்கலே. 1988 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதன் புகழுக்குக் காரணமான நீர் சுமார் 35 பாகைதான். மன்னார்குடிப் போர்வெல்லின் நீரை விடச் சூடானது என்று சொல்ல முடியாது. அருகில் இன்று செயல்படும் எரிமலையும் இல்லை. மேற்குத் துருக்கியில் நிலம் இழுபட்டுப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிளவுகளில் இறங்கிச் சூடேறும் நீர், அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையையும் பளிங்குப் பாறையையும் கரைத்துக்கொண்டு ஏறி வருகிறது. அதோடு வரும் கரியமில வாயுவின் அளவு நம் கற்பனைக்கு மிஞ்சியது.

மேலேயிருக்கும் ஹியரபோலிஸ் என்ற பழைய நகரில் பாதாள தேவனின் வாயில் என்று ஒரு குகையை வைத்து வழிபட்டார்கள். உள்ளே விட்ட விலங்குகள் உடனே விழுந்து இறக்கும் என்றும், தான் விட்ட குருவிகள் மூச்சிழந்து விழுந்தன என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். 2018இல் வெளிவந்த அளவீடுகள் அதை உறுதி செய்தன: காற்றை விடக் கனமான கரியமில வாயு இரவில் தரையோடு ஏரியாகத் தேங்குகிறது, விடியும் நேரத்தில் மிகக் கொடியதாக இருக்கிறது. தலை உயர்த்தி நின்ற பூசாரி தப்பியதும், தாழ்ந்த தலையுடைய விலங்கு மாண்டதும் இதனால்தான்.

நம் ஊரில் பழைய கிணற்றில் தூர் எடுக்க இறங்குவதற்கு முன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். அதே அறிவு.

ஜூன் 19

நேற்று எழுதிய விளக்குச் சோதனையுடன் ஒரு கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். கரியமில வாயு விளக்கை அணைக்கும், மீத்தேன் தீப்பிடிக்கும். நம் படுகையின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் உள்ளன, சதுப்பு மண்ணிலும் மீத்தேன் உருவாகும். போர்வெல்லில் குமிழி வந்தால் யாரும் நெருப்பைக் காட்டிப் பார்க்க வேண்டாம். மோட்டாரை நிறுத்திவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

ஜூன் 24

வாயு எரிமலையிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து வந்ததா என்பதைக் கல்லை வைத்தே சொல்ல முடியுமா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பெரும்பாலும் முடியும். கார்பனில் எடை குறைந்த 12, எடை கூடிய 13 என இரண்டு நிலையான வகைகள் உண்டு. செடிகள் எடை குறைந்ததையே விரும்பி எடுப்பதால், வேரும் மட்கும் வெளிவிடும் வாயுவிலும் அதுவே மிகுந்திருக்கும். அந்த வாயுவால் உருவான கல்லிலும் கார்பன்-13 குறைவாக இருக்கும். ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை வெந்து வெளிவிட்ட வாயுவிலிருந்தோ எரிமலை வாயுவிலிருந்தோ பிறந்த டிராவர்டைனில் கார்பன்-13 கூடுதலாக இருக்கும். ஆனால் இந்த அளவீடு ஆழமா, மேல்மண்ணா என்று பிரித்துக்காட்டுமே தவிர, ஆழத்தில் வெந்த சுண்ணாம்பையும் பாறைக்குழம்பையும் தெளிவாகப் பிரித்துக்காட்டாது. அதற்கு ஊற்றின் வாயுவில் ஹீலியம்-3 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பூமி உருவானபோது அதற்குள் அடைபட்ட அந்த வாயு, பாறைக்குழம்போடு மேலே வருகிறது. யெல்லோஸ்டோனில் சாதாரண ஹீலியமான ஹீலியம்-4க்கு எதிரான அதன் விகிதம் காற்றில் உள்ளதைப் போல் பல மடங்கு.

கல் பழையதாகி ஊற்றே செத்துவிட்டால் ஹீலியத்தை அளக்க வழியில்லை. அப்போது கார்பனும், யுரேனியம் தரும் வயதும், சுற்றியுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளும்தான் சாட்சி. அதனால்தான் பழைய வெந்நீரூற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரே சான்றை நம்பி முடிவு சொல்வதில்லை.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வுக்குச் சிறந்த களம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. சுமார் 4,400 மீட்டர் உயரம் என்பதால் நீர் 84, 85 பாகையிலேயே கொதிக்கிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க்காகத் துளையிட்டு நமக்கெல்லாம் பெயர் தெரிந்த ஓ.என்.ஜி.சி. நிறுவனம், அங்கே புவிவெப்ப மின்சாரத்துக்காக 2021இல் ஒப்பந்தம் செய்தது. அங்கும் எரிமலை வாய் இல்லை. இமயத்தை எழுப்பிய நிலத்தட்டு மோதலோடு தொடர்புடைய வெப்பம் அது. புவியியல் படிக்கும் பெண் என்றால், வாய்ப்புக் கிடைக்கும்போது அங்கே களப்பணிக்குப் போய்வர வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன்.

ஜூலை 2

கும்பகோணத்தில் வீடு கட்டும் ஒருவர், கூடத்துக்கு டிராவர்டைன் போடலாமா, துளைகள் குறையா என்று கேட்கிறார். குறை அல்ல. நீருக்குள் முளைத்திருந்த நாணலையும் பாசியையும் வாயுக் குமிழிகளையும் சுண்ணாம்பு மூடியபின் அவை மட்கிப்போன இடம் அது. கடைக்காரர் சிமெண்டோ பிசினோ வைத்து அடைத்துத் தருவார். ஆனால் எலுமிச்சை, புளி, ரசம், மோர் எது சிந்தினாலும் மெருகு அரிக்கப்படும் என்பதால் நம் சாப்பாட்டுக் கூடத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூசையறைச் சுவரில் பதிக்கலாம்.

வாங்குவதானால் ஒவ்வொரு பலகையையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். துருக்கியின் டெனிஸ்லி மாவட்டத்தில் வெட்டிய டிராவர்டைன் பாளத்துக்குள் ஆதிமனிதனின் மண்டையோட்டுத் துண்டு ஒன்று கிடைத்து, அதைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. அதன் வயது 11 லட்சம் முதல் 13 லட்சம் ஆண்டுகள் என்று பிறகு கணக்கிட்டார்கள். 2024இல் ஐரோப்பாவில் ஒரு பல் மருத்துவர், பெற்றோர் வீட்டில் புதிதாகப் பதித்த டெனிஸ்லிக் கல்லில் குறுக்கே அறுபட்ட தாடையையும் பற்களையும் கண்டு அறிஞர்களுக்குத் தெரிவித்தார். இலைத் தடமோ நத்தை ஓடோ தென்பட்டால் அந்தப் பலகையை மூலையில் மறைத்துவிடாமல், கண் மட்டத்தில் வரும்படி பதிக்கச் சொல்லுங்கள். எலும்பு போல ஏதேனும் தெரிந்தால் மெருகு போடுவதற்கு முன்பே அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து இங்கே இடுங்கள்.